அக்கா வாங்கின இருபத்திரண்டு முட்டை

பதினாலு பக்கம் இருக்குதுங்ணா. எல்லாமே பிரிண்ட் போடணுங்களா? பேங்க்ல கேட்டாங்களா? அப்ப போட்டுருவோம். பக்கத்துக்கு ரெண்டு ரூவா. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடும், செவுத்தோரமா சாஞ்சு உக்காந்தா ஆடாது.

நான் ஒண்ணும் பாக்கலீங்க. அடுத்தவங்க ரிப்போர்ட்டப் பாக்கக் கூடாதுதான். ஆனா பிரிண்ட் வரும்போது கண்ணுல படுமல்லங்க, கண்ணைக் கட்டிக்கிட்டா பிரிண்ட் எடுக்க முடியும்? அதுவும் கிரெடிட் ரிப்போர்ட்டுன்னா எனக்கு ஒரு இதுங்க. இந்தப் பல்லடம் ரோட்டுல எத்தன ஜெராக்ஸ் கடை இருக்குது, ஒருத்தனுக்காச்சும் இதப் படிக்கத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. எடுத்துக் குடுப்பானுங்க, காசு வாங்குவானுங்க, அவ்வளவுதான். நான் படிச்சே சொல்லிருவேன்.

இதோ, இங்க கட்டங் கட்டமா இருக்குது பாருங்க. மேல மாசம், கீழ மூணு மூணு நம்பரா. இதுக்குப் பேரு பேமெண்ட் ஹிஸ்டரி. இதுதாங்க உசுரு. பேரு, அட்ரஸ், போன் நம்பர், அதெல்லாம் சும்மா. பேங்க்காரங்க நேரா இந்தக் கட்டத்துக்குத்தான் வருவாங்க.

எப்படிக் கத்துக்கிட்டேன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா. சரி, மெஷின் சூடாக அஞ்சு நிமிசம் ஆகும், சும்மாதானே உக்காந்திருக்கீங்க.

என்ற அக்கா மூலமாத்தாங்க கத்துக்கிட்டேன். தமயந்தின்னு பேரு. பனியன் கம்பெனில டெய்லர். பதிமூணு வருசமா ஒரே கம்பெனி, ஒரே லைனு. மாமா தவறிட்டாரு, பாப்பா இருக்குது, அஞ்சாவது படிக்குது. நாங்க மூணு பேருந்தான் வீட்டுல. அக்காவுக்கு ஒன்றரை ஷிப்ட்டுங்க. காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய. பாப்பா ஸ்கூல் விட்டு வந்து பக்கத்து வீட்டுல உக்காந்திருக்கும். அதனால அக்காவுக்கு ஒரே வெசனம். சொந்தமா ரெண்டு மெஷின் வாங்கி வீட்டுலயே போட்டுட்டா, ஜாப் வொர்க் எடுத்துத் தெச்சுக் குடுத்துட்டு, பாப்பா வரும்போது வீட்டுல இருக்கலாம்ல. ஒரு ஓவர்லாக், ஒரு ஃபிளாட்லாக். ஓவர்லாக் ஓரம் அடிக்கறதுக்கு, ஃபிளாட்லாக் மடிச்சு அடிக்கறதுக்கு. செகண்ட் ஹேண்ட்லயே ரெண்டும் சேந்து ஒரு லட்சத்து இருவதாயிரம். சென்னிமலைன்னு ஒரு அண்ணன், பழைய மெஷின் வாங்கி விக்கறவரு, அவருகிட்ட இருவதாயிரம் அட்வான்ஸ் குடுத்து வெச்சுட்டா. மிச்சத்துக்கு பேங்க் லோன். பேங்க்ல, உங்களையாட்டந்தாங்க, ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க.

அக்கா என்கிட்ட வந்தா. வேற யாருகிட்டப் போவா? கடையே நம்ம கையில.

ஒரு நிமிசங்ணா. ஏனுங்க்கா, ஆதாரா? ரெண்டு பக்கமும் வேணுமா? பின்னாடி எதுக்குங்க, அட்ரஸ் கேட்டாங்களா? சரி குடுங்க. ரெண்டு ரூவா. சில்லறை இல்லாட்டி போச்சாது, அடுத்த வாட்டி சேத்துக் குடுங்க.

எங்க விட்டேன்? ஆங், அக்கா. அதுக்கு முன்னாடி வண்டிக் கதையச் சொல்லணும்.

என்ற வண்டி வெளிய நிக்குது பாருங்க, நீலக் கலரு. அது அக்கா பேருல எடுத்ததுங்க. எனக்கு அப்ப சம்பளச் சீட்டு இல்ல, அக்காவுக்கு பிஎஃப் எல்லாம் பிடிக்கறாங்க, அதனால லோன் அக்கா பேருல. நாலு வருச லோனு, மாசம் ரெண்டாயிரத்து எண்ணூத்தி நாப்பது, அஞ்சாம் தேதி டியூ. மொத இருபத்திரண்டு மாசம் அக்காதான் கட்டினா. ஒண்ணாந் தேதியே அக்கவுண்ட்ல பணத்தப் போட்டு வெச்சிருவா, அஞ்சாந் தேதி அவங்களா எடுத்துக்குவாங்க. அப்புறம் எனக்கு இந்தக் கடைல வேலை கெடச்சிருச்சு. எனக்கும் ரோசம் இருக்குதல்லங்க. போன வருசம் ஜூன்ல சொல்லிட்டேன், "யக்கா, இனி வண்டி டியூ என்ற பொறுப்பு. நீ இதப் பத்தி நெனைக்கவே வேண்டாம்"னு. அவ அக்கவுண்ட்ல எடுக்கறத நிறுத்திட்டு, நான் கையில கட்டறேன்னு எழுதிக் குடுத்தோம்.

அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னா. "அஞ்சுன்னா அஞ்சுடா தாமு."

நானும் கட்டினேங்க. கட்டாம இல்ல. ஜூன்ல மட்டும் முடியல, என்ற ஃபிரண்டு கல்யாணம், அஞ்சு பேரும் ஒரே கலர் சட்டை எடுக்கறதுன்னு ஆகிப் போச்சு. ஜூலை கட்டினேன், ஆகஸ்ட் கட்டினேன். செப்டம்பர்ல போன் டிஸ்பிளே போயிருச்சு. அக்டோபர் கட்டினேன், நவம்பர் கட்டினேன். டிசம்பர்ல ஊட்டி. ஜனவரி கட்டினேன். எட்டு மாசத்துல மூணே மூணு மாசந்தான் விட்டது. அஞ்சு மாசம் கரெக்டா கட்டிருக்கேன். அதையும் பாக்கணுமல்லங்க.

ஃபைனான்ஸ்ல இருந்து ஜெயசீலன்னு ஒரு அண்ணன் கடைக்கு வருவாரு வசூலுக்கு. நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுப்பேன். ஒவ்வொரு தடவையும் ரசீது எழுதும்போது, "தம்பி, பின்னாடியே ஒண்ணு நிக்குதுப்பா"ம்பாரு. நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன். கஸ்டமர் யாராச்சும் நிக்கறாங்களோன்னு.

சிரிக்காதீங்ணா. அந்த மனுசன் தெளிவாச் சொல்லிருக்கணும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வர்றேன். பிப்ரவரி மாசம் மொத ஞாயித்துக்கெழமை. அக்காவுக்கு லீவு. அவ போன்ல வந்த ஓடிபியப் போட்டு ரிப்போர்ட்ட எறக்கி, இங்கயே பிரிண்ட் போட்டு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அக்கா இட்லிக்கு ஆட்டிட்டு இருந்தா. பாப்பா வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்துச்சு. நான் பேப்பரக் கீழ விரிச்சு உக்காந்துட்டேன்.

மேல பெருசா ஒரு நம்பர் இருந்துச்சுங்க. ஐநூத்தி எழுபத்தொண்ணு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. நான் ப்ளஸ் டூல முன்னூத்திப் பன்னண்டுங்க, அறுநூறுக்கு. அதுக்கே சித்தப்பா பேனா வாங்கிக் குடுத்தாரு. அக்கா ஐநூத்தி எழுபத்தொண்ணு! "யக்கா, நீயெல்லாம் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டரு"ன்னேன். அக்கா கையெல்லாம் மாவோட வந்து எட்டிப் பாத்து, வெக்கப்பட்டா. நம்பருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல தொள்ளாயிரம்னு இருந்துச்சு. ரிப்போர்ட்டுக்கு வெலை போலன்னு விட்டுட்டேன்.

அப்புறம் கட்டத்துக்கு வந்தா, வண்டி லோனுக்கு நேரா, பூரா முட்டைங்க. மூணு முட்டை, மூணு முட்டை, மூணு முட்டை. எண்ணிப் பாத்தேன், இருபத்திரண்டு மாசத்துக்கு முட்டை. எல்லாமே அக்கா கட்டின மாசம். நான் கட்டின மாசத்த வந்து பாருங்க. ஜூன் இருபத்தஞ்சு, ஜூலை இருபத்தாறு, ஆகஸ்ட் இருபத்தாறு. சரி, ஃபெயில்தான், நான் மறைக்கல, பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும். ஆனா அதுக்கப்புறம்? செப்டம்பர் அம்பத்தாறு, அக்டோபர் அம்பத்தாறு, நவம்பர் அம்பத்தாறு. டிசம்பர் எம்பத்தேழு. ஜனவரி எம்பத்தேழு. எனக்கு ஸ்கூல்ல எம்பத்தேழெல்லாம் கனவுலகூட வந்ததில்லீங்க.

பாப்பா வந்து பாத்துட்டு, "அம்மா, நீயா இத்தன முட்டை?"ன்னுச்சு.

அக்கா முகம் அப்படியே சுண்டிப் போச்சு. "டேய் தாமு, நான் ஒரு நாள்கூட லேட் பண்ணலியேடா. ஒண்ணாந் தேதியே போட்டுருவேனே"ன்னா.

"அதாங்க்கா தப்பு"ன்னேன். "நீ சீக்கிரம் கட்டிட்டா அவங்களுக்கு வட்டி எப்படி வரும்? அதான் மார்க் போடல. கொஞ்சம் இழுத்துக் கட்டினாத்தான் அவங்களுக்கு நம்ம மேல ஒரு பிடிப்பு வரும்."

எங்க இருந்துங்க எனக்கு அதெல்லாம் வந்துச்சு? தானா வந்துச்சு. பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துருச்சு.

அக்கா கையக் கழுவிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா. "அப்ப என்னாலதான் கெட்டுப் போச்சாடா? இப்ப லோன் குடுப்பாங்களா மாட்டாங்களா?"ன்னு கேட்டா. நான் பெரிய மனசு பண்ணி, "விடுக்கா, நாந்தான் தூக்கி விட்டுட்டேனே, கடைசி மாசத்தத்தான் பாப்பாங்க"ன்னு சமாதானம் பண்ணினேன். என்ற மாசத்துக்கெல்லாம் பச்சை ஹைலைட்டர் அடிச்சேன். அவ முட்டைய எல்லாம் பென்சில்ல லேசா ஒரு சுழி சுழிச்சு விட்டேன், யாராச்சும் கேட்டா வெளக்கம் சொல்லிக்கலாம்னு. அக்கா என் தலையத் தடவிக் குடுத்து, "நீ இல்லாட்டி நான் என்னடா பண்ணிருப்பேன்"ன்னா. சத்தியமா சொன்னாங்க. இப்ப கேட்டா சொல்லலம்பா.

இருங்க, பேப்பர் சிக்கிருச்சு. இந்த மெஷினுக்கு ஏழாவது பக்கம் வந்தாலே ஒரு இழுப்பு. இதோ வந்துருச்சு. லேசா ஒரு மடிப்பு, பேங்க்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மறுநாள் அக்கா அரை நாள் லீவு போட்டா. அவ லீவு போட்டு நான் பாத்ததே இல்ல. நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் பேங்க்குக்குப் போனோம். லோன் செக்‌ஷன்ல ஒரு மேடம். ரிப்போர்ட்ட வாங்கினாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. என்ற பச்சை நல்லா எடுப்பாத் தெரிஞ்சுது, எனக்குப் பெருமைதான்.

"இந்தக் கலர் யாரு அடிச்சது?"ன்னு கேட்டாங்க.

"நாந்தாங்க மேடம்."

"எதுக்குப்பா?"

"பாஸான மாசமெல்லாம் டக்குன்னு தெரியட்டும்னுதாங்க மேடம்."

மேடம் பாட்டிலத் தொறந்து தண்ணி குடிச்சாங்க. பக்கத்து சீட்டு சாருகிட்ட பேப்பரக் காட்டினாங்க. அவரு எந்திரிச்சு அக்கட்டால போயிட்டாரு. தோள் மட்டும் குலுங்குச்சு.

அப்புறம் மேடம் பொறுமையாச் சொன்னாங்க. "தம்பி, இது மார்க் இல்ல. டியூ தேதி தாண்டி எத்தன நாளாப் பாக்கி நிக்குதுங்கற கணக்கு. மூணு சைபர் இருந்தா ஒரு நாள்கூட பாக்கி இல்லன்னு அர்த்தம். எம்பத்தேழுன்னா எம்பத்தேழு நாளா நிக்குதுன்னு அர்த்தம்."

நான் விடலீங்க. "மேடம், ஜனவரி கட்டிட்டேன். ரசீது இருக்குது"ன்னு எடுத்து நீட்டினேன்.

"நீங்க ஜனவரில கட்டினது ஜனவரிக்கு இல்லப்பா. அக்டோபருக்கு."

"அக்டோபர்ல கட்டினனே மேடம்."

"அது ஆகஸ்டுக்கு."

ஒரு மாசம் விட்டா, அதுக்கப்புறம் கட்டறதெல்லாம் பழைய மாசத்துக்குப் போயி உக்காந்துக்குமாம். விட்டத சேத்து வெச்சுக் கட்டற வரைக்கும் பின்னாடியே ஒண்ணு நிக்குமாம். மூணு விட்டா மூணு நிக்குமாம். மாசாமாசம் கட்டினாலும் லேட்டு லேட்டுதானாம். அப்பத்தாங்க எனக்கு ஜெயசீலன் அண்ணன் சொன்னது வெளங்குச்சு.

"அப்ப ஐநூத்தி எழுபத்தொண்ணு?"ன்னேன்.

"தொள்ளாயிரத்துக்கு"ன்னாங்க.

மனசுலயே பர்சன்டேஜ் போட்டுப் பாத்தேன், அறுபத்தி மூணு வருது. ஃபர்ஸ்ட் கிளாஸ்தானுங்களே அது? ஆனா அவங்களுக்கு எழுநூறுக்கு மேல இருந்தாத்தான் ஆகுமாம். ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு.

அக்கா அப்புறம் மெதுவா ஒண்ணே ஒண்ணு கேட்டா. "மேடம், இந்த முட்டையெல்லாம்?"

"அதாம்மா சுத்தமான மாசம். இருபத்திரண்டு மாசமும் அப்பழுக்கு இல்லாம கட்டிருக்கீங்க. அதே மாதிரி கட்டிட்டு வந்திருந்தீங்கன்னா இன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அக்கா திரும்பி என்னப் பாத்தா. திட்டுவாள்னு நெனச்சேன். ஒரு அறை குடுத்தாலும் வாங்கிக்கலாம்னு கன்னத்தக்கூட ரெடியா வெச்சிருந்தேன். அவ பென்சில் சுழி இருக்கற கட்டத்த மட்டும் விரலால தடவிப் பாத்துட்டு, பேப்பர மடிச்சு உள்ள வெச்சுட்டா. பாக்கிய மொத்தமாக் கட்டிட்டு, ஒரு வருசம் ஒரு நாள் தவறாம கட்டிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்னு மேடம் சொன்னாங்க. அக்கா "சரிங்க மேடம்"னுட்டு எந்திரிச்சுட்டா.

வண்டியிலதான் போயிருந்தோம். வெளிய வந்து நான் ஸ்டார்ட் பண்ணினேன். அக்கா ஏறல. நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா. நான் பின்னாடியே உருட்டிக்கிட்டுப் போனேன். "யக்கா, ஏறுக்கா, வெயிலு"ங்கறேன், காதே கேக்காதவளாட்டப் போறா. அவளுக்கு எப்பவுமே வண்டின்னா கொஞ்சம் பயம்.

நேரா சென்னிமலை அண்ணன்கிட்டத்தான் போயி எறங்கினா, நானும் பஸ்ஸுக்குப் பின்னாடியே வண்டியில போனேன். மெஷின் ரெண்டும் அங்கயே தொடச்சு வெச்சிருந்துச்சு, அக்கா பேரு எழுதின சீட்டு ஒட்டி. "அம்மிணி, ஒரு மாசமா உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன், வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிருக்கேன்"ன்னு அஞ்சாயிரம் பிடிச்சுக்கிட்டு பதினஞ்சாயிரம் குடுத்தாரு. அக்கா பேரம் பேசல. ஓவர்லாக்கோட சக்கரத்த ஒரு சுத்து சுத்திப் பாத்தா. நல்ல சத்தம், அவளுக்குப் பிடிச்சுப் போன சத்தம். அந்தச் சீட்ட அவளே பிச்சுக் குடுத்துட்டு வந்துட்டா.

அங்க இருந்து ஃபைனான்ஸ் ஆபீஸ். மூணு மாசப் பாக்கி, அபராதம், பிப்ரவரி டியூ, எல்லாம் சேத்து பதிமூவாயிரத்து இருநூத்தி அறுவது. கட்டிட்டா. ரசீது வாங்கி, தேதியப் பாத்து, மாசத்தப் பாத்து, ரெண்டு தடவை படிச்சா. எங்கிட்டக் காட்டக்கூட இல்ல.

அந்த மெஷின அவ லைன்ல தெக்கற இன்னொரு அக்காவே வாங்கிட்டாங்க. இப்ப வீட்டுல இருந்தே தெக்கறாங்களாம், கம்பெனிய விட்டு நின்னுட்டாங்க. அக்காவுக்கு ரெண்டு பேரு வேலையும் சேந்து விழுகுது. நல்லதுதானுங்களே, ஓவர்டைம் கெடைக்கும். பாப்பா இன்னும் பக்கத்து வீட்டுலதான் இருக்குது. அதுக்கு ஜாலி, டிவி இருக்குது. போன வாரம் அங்கயே தூங்கிருச்சு, அக்காதான் தூக்கிட்டு வந்தா. அஞ்சாவது படிக்கற புள்ளையத் தூக்கினா இடுப்பு வலிக்குமல்லங்க, நான் சொன்னேன், எழுப்பி நடத்திக் கூட்டிட்டு வரலாம்லன்னு.

தம்பி, ஸ்பைரல் பைண்டிங்கா? ப்ராஜெக்டா? வெச்சுட்டுப் போ, ஒரு மணி நேரத்துல வா.

என்மேல கோவமெல்லாம் இல்லீங்க. நல்லாப் பேசறா. டியூவ மட்டும் அவளே கட்டறேன்னுட்டா. எங்க ஓனரு என்ற சம்பளத்துல ரெண்டாயிரத்து எண்ணூத்தி நாப்பதப் பிடிச்சு நேரா அக்காவுக்கே அனுப்பிடறாரு. அவங்க ரெண்டு பேரும் எப்பப் பேசி வெச்சாங்களோ தெரியல. எனக்கு அந்த வேலையே மிச்சம். இப்ப பிப்ரவரில இருந்து ஏழு மாசமா, ஒண்ணு விடாம முட்டைங்க. மாசாமாசம் நாந்தான் பிரிண்ட் எடுத்துக் குடுக்கறேன். அவகிட்ட காசு வாங்கறதில்ல.

அக்காவும் அந்தப் பேப்பர ஒவ்வொரு மாசமும் வாங்கி, கட்டத்த மட்டும் பாத்துட்டு, மடிச்சு வெச்சுக்குவா. ஸ்கோரும் ஏறிட்டுத்தான் இருக்குது, அறுநூத்தி முப்பத்தெட்டு. இன்னும் அஞ்சு முட்டை வந்துட்டா ஒரு வருசம் ஆயிரும். அந்த மேடமப் போயிப் பாக்கலாம்.

உங்களுதும் வந்துருச்சுங்க. எண்ணிக்கங்க, பதினாலு. பாருங்க, உங்களுக்கும் ஒரே ஒரு மாசம் இருபத்தொம்பது இருக்குது. கல்யாணமா, ஆஸ்பத்திரியா? ஆஸ்பத்திரியா. அடுத்த மாசமே சைபர் ஆயிருச்சு, அப்ப சேத்துக் கட்டிருக்கீங்க. அதாங்க சூட்சுமம். இந்த எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருக்கறதுக்குப் பயப்படாதீங்க, அந்த மாசம் அவங்க தகவல் அனுப்பலன்னு அர்த்தம். பேங்க்ல கேட்டா இதையே சொல்லுங்க. ஹைலைட்டர் மட்டும் அடிக்காதீங்க.

இருவத்தெட்டு ரூவாங்க. ஜிபேவா? அந்த ஸ்கேனர்ல அடிங்க.

நான் என்ன யோசிக்கறேன்னா, அக்கா ஸ்கோரு இவ்வளவு தூரம் ஏறிருச்சல்லங்க, அத சும்மா வெச்சிருக்கக் கூடாது. கடைக்கு ஒரு கலர் பிரிண்டர் போட்டா நல்லா ஓடும். ஓனரு வாங்க மாட்டாரு. நானே போட்டுட்டா தனி வருமானம். ரொம்ப இல்ல, நாப்பதாயிரந்தான். அக்கா பேருல எடுத்தா உடனே குடுப்பாங்க, இந்தத் தடவை டியூவ நான் கரெக்டாக் கட்டிருவேன், எனக்குத்தான் இப்ப எல்லாம் வெளங்கிருச்சே. போன ஞாயித்துக்கெழமை அக்காகிட்ட சொன்னேன். வேண்டாம்னு சொல்லலீங்க அவ. ஒண்ணுமே சொல்லல. அப்ப சரின்னுதானே அர்த்தம்?

ஃபார்ம்கூட எழுதி வெச்சுட்டேன். அவ பான் கார்டுதான் காணோம். என்ற பர்ஸ்லதாங்க எப்பவும் இருக்கும். திங்கக்கெழமை காலைல பாக்கறேன், இல்ல. பீரோல தேடியாச்சு, அரிசி டப்பா வரைக்கும் தேடியாச்சு. பாவம், அக்காவும் என்கூடச் சேந்து வீடு பூராத் தேடினா, கட்டிலுக்கு அடியெல்லாம் குனிஞ்சு பாத்தா. அவ ஹேண்ட்பேக்க மட்டுந்தான் நான் பாக்கல. அத அவளே பாத்துக்கறேன்னுட்டா.